சீமைப்பலா மரத்தில் சாகக் கிடந்தவன்

பசிபிக் கடலின் ரரோதொங்கா தீவில் அகாயிதியைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் அன்றைக்குத்தான் விமானத்திலிருந்து இறங்கியிருக்க வேண்டும். வயது ஐம்பத்தெட்டு. சந்தையில் தேங்காய் ரொட்டி விற்பாள். தேவாலயச் சபைப் பாட்டில் முதல் வரிசையில் நின்று மற்றவர் குரலையெல்லாம் அமுக்குவாள். பூக்கிரீடம் கட்டுவதில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள்; அது உண்மையும்கூட. ஆனால் அந்த வாய் இருக்கிறதே! நெருக்கடி என்றால் பொய் தானாக வந்து விழுந்துவிடும். வருத்தம் பிறகுதான் வரும். வந்த வருத்தத்தை அவள் ஒருவரிடமும் காட்டியதில்லை.

அந்தச் சனிக்கிழமை சபை மண்டபத்தில் பூக்கிரீடப் போட்டி. விடிந்ததிலிருந்து வெள்ளைத் தியாரே பூக்களைக் கட்டி முடித்துத் தலையில் வைத்துக் கண்ணாடி பார்த்தாள். சும்மா சொல்லக்கூடாது, ராணி மாதிரி இருந்தாள். இதன்மேல் கொண்டுபோய் ஹெல்மெட்டைக் கவிழ்ப்பதாவது! ஸ்கூட்டரின் முன்கூடையில் ஹெல்மெட்டை மல்லாத்தி வைத்தாள். நடுவருக்கென்று இரண்டு பப்பாளியை அதற்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அரோரங்கி வளைவில் கான்ஸ்டபிள் தெயோ கை காட்டி நிறுத்தினான்.

"ஹெல்மெட் எங்கே அத்தே?"

"கூடையில இருக்கே, கண்ணு தெரியலியா?"

"பப்பாளிக்குப் போட்டுவிட்டுட்டு நீங்க வெறுந்தலையா வர்றீங்க. பப்பாளி உடைஞ்சா வேற பறிச்சுக்கலாம். மண்டை உடைஞ்சா?" என்றபடி நோட்டை எடுத்தான். "இது மூணாவது தடவை. லைசென்ஸைக் குடுங்க."

 இன்னொரு தடவை மாட்டினால் லைசென்ஸ் போய்விடும் என்று போன மாதமே எச்சரித்திருந்தார்கள். ஸ்கூட்டர் இல்லாமல் ரொட்டியைச் சந்தைக்கு எப்படிக் கொண்டுபோவது? அகாயிதியின் கண் அங்கும் இங்கும் அலைந்தது. சாலையோரத்தில் உள்ளே பிரியும் சந்து தெரிந்தது. அந்தச் சந்தின் கோடியில்தான் அவள் தம்பி தாமருவா குடியிருந்தான்.

"தெயோ... என் தம்பி சாகக் கிடக்கிறான்டா. கடைசியா முகத்தைப் பார்க்க ஓடுறேன். அந்தப் பதற்றத்துல ஹெல்மெட்டாவது ஒண்ணாவது!"

சொன்ன கையோடு அவளுக்கே திக்கென்றது. தெயோவுக்கு ரக்பி பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் தாமருவா. தெயோ ஒரு மாதமாக ஐதுதாக்கித் தீவில் விடுப்பில் இருந்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தான். அவன் கண் கலங்கிவிட்டது.

"ஐயோ, யாரும் சொல்லலியே அத்தே! பின்னாலேயே வாங்க."

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் போலீஸ் பைக்கில் ஏறிச் சைரனை ஊதிக்கொண்டு சந்துக்குள் திரும்பிவிட்டான். அவளும் போக வேண்டியதாயிற்று. வழியில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். கடைக்காரப் பெண் "யாருக்கு?" என்று கத்த, "தாமருவாவுக்கு!" என்று தெயோ திரும்பிக் கத்தினான். அந்தப் பெண் மாரில் அடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். அகாயிதிக்குத் தலைக்கிரீடம் பாறையாய்க் கனத்தது.

தம்பியிடம் அவள் பேசி ஆறு வருடமாகிறது. அம்மாவின் கடலோர நிலம் நிலக்கோர்ட்டுக்குப் போனபோது, "நிலம் எனக்குத்தான்னு அம்மா சாகும்போது சொன்னா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். அம்மா சொன்னது இரண்டு பேருக்கும் என்று. கட்டிலின் மறுபக்கம் தாமருவாவும் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தான். நீதிபதி கேட்டதற்கு, "அக்கா சொன்னா சரியா இருக்கும்" என்று தலையைக் குனிந்துகொண்டான். பிள்ளைகுட்டிகளோடு மனைவியின் நிலத்துக்குப் போய்விட்டான். தப்பு செய்தவள் இவள். பேச்சை நிறுத்தியவளும் இவள்தான். என்ன மூஞ்சியை வைத்துக்கொண்டு பேசுவாள்?

வீட்டு முற்றத்தில் வண்டிகள் நின்றன. சாகக் கிடந்தவன் சீமைப்பலா மரத்தின் உச்சிக் கிளையில் உட்கார்ந்து, கொக்கிக் கழியால் காய் பறித்துக்கொண்டிருந்தான்.

தெயோ அண்ணாந்து பார்த்தான். தாமருவா குனிந்து பார்த்தான். போலீஸ், அழுதுகொண்டு நிற்கும் கடைக்காரி, கிரீடத்தோடு அக்கா, ஹெல்மெட்டில் பப்பாளி. அக்காவைப் பிறந்ததிலிருந்து அறிந்தவன் அவன். சட்டென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமத் தொடங்கினான்.

"என்ன மாமா, சாகக் கிடக்கிறீங்கன்னு சொன்னாங்க, மரத்துல என்ன பண்றீங்க?"

"நேத்து வரைக்கும் படுத்த படுக்கைதான் தெயோ. போறதுக்கு முன்னாடி ஒரு காயைச் சுட்டுத் தின்னணும்னு ஆசை. வீட்டுல யாரு பறிச்சுத் தர்றா?" இன்னும் இரண்டு இருமல் இருமினான்.

கடைக்காரிக்குச் சிரிப்பு பீறிட்டது. தெயோ உதட்டைக் கடித்துக்கொண்டு நோட்டைப் பைக்குள் போட்டான். "நல்லாப் பொழைச்சுட்டார் அத்தே. நீங்க போகலாம்."

போயிருக்கலாம். லைசென்ஸ் தப்பியது, போட்டிக்கும் நேரமிருந்தது. அகாயிதியால் காலைத் தூக்க முடியவில்லை. கேட்காமலேயே அவளுக்காக மறுபடியும் பொய் சொல்கிறானே, பாவி!

"இருடா தெயோ, எழுது. அவனுக்கு ஒரு நோவும் இல்ல. நான் சொன்னது பொய்."

"விடு அக்கா" என்றான் மேலே இருந்தவன். ஆறு வருடத்துக்குப் பிறகு காதில் விழுந்த 'அக்கா' என்ற சொல். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"கோர்ட்லயும் இப்படித்தான்டா விட்டே! அம்மா ரெண்டு பேருக்கும்னு சொன்னதை நீயும் கேட்டேல்ல? ஏன்டா வாயை மூடிட்டு நின்னே?"

 மேலிருந்து கொக்கிக் கழி நழுவிக் கீழே விழுந்தது.

"அவ்வளவு பேருக்கு முன்னாடி என் அக்கா பொய்க்காரின்னு நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றான் தாமருவா.

கடைக்காரியின் சிரிப்பு நின்றுவிட்டது. தெயோ தரையைப் பார்த்தான். அகாயிதி மரத்தடிக்குப் போய் அடிமரத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

"எறங்கி வாடா."

"மாட்டேன். எல்லாரும் நிக்கிறாங்க. அழுதுட்டிருக்கேன்."

"சரி, அழுது முடிச்சிட்டே வா, நிக்கிறேன்" என்றாள். "திங்கட்கிழமை கோர்ட் திறந்ததும் போறோம். நான் பொய்க்காரின்னு நானே சொல்லிக்கிறேன். நீ பக்கத்துல நின்னா போதும், ஒண்ணும் பேச வேண்டாம்."