கால்மிதியில் ஒரு முகம்

ரொறன்ரோவில் இறங்கி மூன்றாவது நாள். பல்கலைக்கழகத்தைப் பார்க்க வந்தவன் குளிர் தாங்காமல் அதன் விளையாட்டு அரங்குக்குள் ஒதுங்குகிறேன். காசு போடும் போனில் மச்சானைக் கூப்பிட்டாயிற்று. அவன் கார் வரும்வரை வாசல் கால்மிதியில் நின்று சப்பாத்துப் பனியை உதறுகிறேன்.

"தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. துடைக்க வேணும்." துப்புரவு வேலை செய்யும் அண்ணை ஒருவர், என்னைப் பார்த்ததும் தமிழிலேயே சொல்கிறார்.

தள்ளி நின்று குனிகிறேன். இவ்வளவு நேரமும் நான் மிதித்தது ஒரு முகத்தை. தலையில் இறகு சூடிய பூர்வகுடி மனிதனின் முகம். இங்குள்ள அணிகளின் சின்னமாம், அண்ணை சொல்கிறார். யோசிக்கும் முன்பே கை அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறது. பனி கரையத் தெருவில் போட்ட உப்பு கண்ணை எரிக்கிறது.

அண்ணை சிரிக்கவில்லை. "நானும் முதல் கிழமை உப்பிடித்தான் தொட்டுக் கும்பிட்டனான். பிறகு விட்டிட்டன். நாள் முழுக்கக் குனிய ஏலுமே?"

"இது ஆருடைய முகம் அண்ணை?"

"வொலிபோல் விளையாடுற பிள்ளை ஒண்டும் இதைத்தான் கேட்டது. அவளும் அந்தச் சனம்தான். ஒபிசிலை ஒருத்தருக்கும் தெரியேல்லை. உங்கடை ஆக்களுக்கு மரியாதையாத்தான் போட்டிருக்கு எண்டு சொல்லி அனுப்பிப்போட்டினம்."

"பிறகு?"

"இப்ப பின்கதவாலைதான் வாறாள். ஆனா அவள் போட்டு விளையாடுற ரீசேட்டிலையும் உந்த முகம்தான்."

வெளியே மச்சான் ஹோர்ன் அடிக்கிறான். கால்மிதியை வாசலின் முழு அகலத்துக்கும் விரித்திருக்கிறார்கள். இந்தமுறை தெரிந்தே மிதித்துப் போகிறேன்.