ஏறிக்கொண்டே போன கிராஃப்

எனக்கு ஒருத்தர் மேல் சந்தேகம் வந்தால் லேசில் போகாது. அது என் பிறவிக் குணம்.

அப்போது மார்த்தாண்டம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் வேலை, கூடவே பிஎச்.டி. ஒரே டவரில் பல ஆன்டெனாக்களை வைத்து, ஒரே நேரத்தில் பல போன்களுக்குக் குறைந்த மின்சாரத்தில் சிக்னலைப் பங்கிடுவது எப்படி என்பது என் ஆராய்ச்சி. எல்லாம் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பதுதான். ஆன்டெனா கூடக் கூட மிச்சமாகும் மின்சாரமும் கூடியது. கிராஃப் நிமிர்ந்து ஏறிக்கொண்டே போனது. மூன்று வருஷ உழைப்பு அந்தப் படத்தை நம்பித்தான் நின்றது.

ஒரு திங்கட்கிழமை காலை அதே புரோகிராமைத் திறந்து ஓட்டினேன். கிராஃப் பாதி வரை ஏறிவிட்டுக் குப்புற விழுந்தது. அடுத்த வாரம் ஆய்வுக் குழு முன் காட்ட வேண்டும்.

லேபில் அந்தக் கம்ப்யூட்டரை என்னைத் தவிரத் தொடுகிறவள் ஒருத்திதான். இனயம் என்ற கடற்கரை ஊர்க்காரி, என்னோடு வேலைக்குச் சேர்ந்தவள், அவளும் பிஎச்.டி. முந்தின வாரம்தான் என் கிராஃபைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இது ஏறிக்கிட்டே போவுதே, எங்கயும் நிக்காதா?" என்று கேட்டிருந்தாள். பொறாமை என்று அப்போதே முடிவு கட்டியிருந்தேன். அன்று அவள் வாங்கித் தந்த டீயைக்கூடத் தொடவில்லை. நேரே துறைத்தலைவரிடம் போய், என் புரோகிராமில் கை வைத்தது அவள்தான் என்று சொன்னேன். மத்தியானமே அவளிடமிருந்த லேப் சாவியை வாங்கிவிட்டார்.

சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன். வந்தவள் மெதுவாகத்தான் பேசினாள். "எங்க அப்பாக்க வள்ளத்துல மீன் பட்டாலும் படாட்டாலும் எஞ்சின் மண்ணெண்ணெய் குடிக்கும். ஒனக்க ஆன்டெனா ஒவ்வொண்ணும் சும்மா நின்னாலும் கரண்டு குடிக்கும்லா. அதைச் சேத்தியா?"

சேர்க்காமல் இருப்பேனா என்று மூக்குக்கு மேல் கோபம். அவள் முகத்தில் அடிக்கிற மாதிரி காட்டிவிட வேண்டும் என்று பென்டிரைவைச் சொருகினேன். நிமிர்ந்த கிராஃப் வந்த கோப்பில், சும்மா நிற்கும்போது ஆகும் கரண்டுக்கான வரியில் பூஜ்யம் இருந்தது. மற்ற கணக்கெல்லாம் சரியா என்று பார்க்க நானே போட்டது. பிறகு மாற்ற மறந்துவிட்டேன். திங்கட்கிழமை லேப் கம்ப்யூட்டரில் நான் தவறித் திறந்தது அதற்கு முன்னால் எழுதி, ஒரு தடவைகூட ஓட்டாமல் விட்டிருந்த கோப்பு. அதில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. யாரும் எதையும் தொடவில்லை.

விழுந்த கிராஃபைத்தான் குழு முன் காட்டினேன். எத்தனை ஆன்டெனாவில் விழத் தொடங்குகிறது என்பதுதான் முக்கியம் என்று பாராட்டினார்கள். அவள் மேல் தப்பில்லை என்று சொல்லத் துறைத்தலைவரிடம் மட்டும் நான் திரும்பப் போகவில்லை. வெட்கமாக இருந்தது.

அந்த வருஷம் முழுக்க அவள் தினமும் காலையில் என் மேசைக்கு வந்து லேப் சாவி கேட்டாள். நானும் எடுத்துக் கொடுத்தேன்.