வரி கட்டாதவர்கள்

அப்பா படுக்கையில் விழுந்த பிறகுதான், தன் பூட்டனார் பேர் தெரியாதது அவரை உறுத்தத் தொடங்கியது. கோரிப்பாளையத்தில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் பகலெல்லாம் அதே பேச்சு.

"எங்க தாத்தாவுக்குச் சொந்த வீடு இருந்துச்சுடா. தேக்குக் கதவு. பழைய வீட்டுவரிப் பதிவேட்டுல பாத்தா அவரு பேரோட அவுக அய்யா பேரும் இருக்கும்."

அக்காவும் நானும் அந்தத் தாத்தாவின் ஊருக்குப் போனோம். கீழக்குயில்குடி தாண்டி உள்ளே இருக்கும் ஊர் அது. நாங்கள் இருவருமே அதற்கு முன் பார்த்ததில்லை. பஞ்சாயத்து அலுவலகத்தில் இருந்த பெண், முகத்தில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு பழைய கட்டுகளை இறக்கினார். பாதி கரையான் தின்றது போக மிச்சம் இருந்தது. அப்பா சொன்ன அடையாளப்படி, அய்யனார் கோயிலுக்கு மேற்கே இரண்டாவது வீடு. கிடைத்துவிட்டது. ஆனால் உரிமையாளர் என்று வேறு யாருடைய பேரோ இருந்தது. அடுத்தடுத்த வருடங்களிலும் அதே பேர்தான். குறிப்பு என்ற இடத்தில் மட்டும் ஒரு வரி: 'குடியிருப்பு, பண்ணையாள்.'

"எங்கப்பாவோட தாத்தா பேரு வேற எங்கயாச்சும் இருக்குமாம்மா?" என்று கேட்டேன்.

"வரி கட்டுனவுக பேருதேன் இதுல இருக்கும்ணே. குடியிருந்தவுகள யாரு எழுதுனா?"

அவர் அதை மனம் நோகச் சொல்லவில்லை. அக்கா அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பும் பஸ்ஸில், "அப்பாட்ட ஏதாச்சும் ஒரு பேரைச் சொல்லிருவோமா?" என்றேன்.

"பொய்ப் பேரையா? அதச் சொல்லிக்கிட்டே அவரு சாகணுமா?"

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா தலையைத் தூக்கினார். "பேரு இருந்துச்சா?"

"இல்லப்பா," என்றாள் அக்கா. "அது நம்ம வீடே இல்ல. உங்க தாத்தா அங்க பண்ணையில வேலை பாத்திருக்காரு."

"தேக்குக் கதவும்மா அது..."

"அவுக வீட்டுக் கதவுப்பா."

அப்பா சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று கஞ்சி வேண்டாம் என்றுவிட்டார். அதன் பிறகு ஊரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஐப்பசி மழை தொடங்கியபோது போய்ச் சேர்ந்துவிட்டார்.

"சொல்லாம இருந்திருக்கலாமோ தம்பி?" என்று அக்கா இப்போதும் கேட்கிறாள்.