சுண்டுவிரல் பக்கத்து எலும்பு

போன வாரம் முழங்கால் வலிக்காகத் தஞ்சாவூரில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போயிருந்தேன். மேசையை விட்டு இறங்கி நான் செருப்பைத் தேடுவதற்குள் என் எலும்பு கணினித் திரையில் வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "என்னங்க சார், ஏதும் வாடை வருதா?" என்று கேட்டாள் அங்கிருந்த பெண். "வரலையேன்னுதாம்மா பாக்குறேன்" என்றேன். கிழவருக்கு முழங்கால் மட்டுமல்ல, வேறு ஏதோவும் கழன்றிருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

நான் தேடியது ஹைப்போ வாடையை. எக்ஸ்ரே பிலிமைக் கழுவும் மருந்து அது. நாள்பட்ட காடி மாதிரி ஒரு புளிப்பு நெடி. ரேடியோகிராபர் படிப்புக்காக இதே ஊரில் ஒரு கல்லூரி ஆஸ்பத்திரியில் இருந்த காலம் முழுக்க அந்த நெடி என் சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊரில் என்னை டாக்டருக்குப் படிப்பதாகப் பேசிக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

எனக்கு அங்கே பிடித்த ஒரே இடம் இருட்டறை. சின்னச் சிவப்பு விளக்கு, மூன்று மருந்துத் தொட்டிகள், நான். ஹாஸ்டலில் இருட்டு கிடையாது. "எந்த ஊரு?" என்பார்கள். "மன்னார்குடி பக்கம்" என்பேன். "அங்க எந்தத் தெரு?" என்பார்கள். இந்த இரண்டாவது கேள்விக்கு என்னிடம் ஓர் இருமல்தான் இருந்தது. இருமலிலிருந்தே அவர்களுக்கு விடை கிடைத்துவிடும். மறுநாளிலிருந்து சாப்பாட்டு மேசையில் என் பக்கத்து இடம் காலியாக இருக்கும். சில நாட்கள் காலையிலிருந்து சாயந்திரம் வரை நான் வாய் திறந்து பேசியதெல்லாம் "மூச்ச இழுங்க, பிடிங்க, விடுங்க" மட்டும்தான். அதுவும் நோயாளிகளிடம். தனிமை என்றால் அப்படி ஒரு தனிமை.

கோட்டையில் ஆட்சி மாறி, ஊர்க் கம்பங்களில் கொடிகள் மாறிய வருஷங்கள் அவை. எங்கள் தெருவில் சிவப்புக் கொடி ஏறியிருந்தது. அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து வயலில் இறக்கினார். இதையெல்லாம் நான் டீக்கடைப் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த மிராசுதார் யாரென்றால், நான் படிப்பில் சேர நன்னடத்தைச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர். அதற்காக அப்பா மூன்று நாள் அவர் வாசலில் போய் நின்றார். ஒரு கடிதம் போட்டு என் படிப்பை நிறுத்திவிட அவரால் முடியும் என்று அப்பா நம்பினார். நானும் நம்பினேன்.

ஒருநாள் காலை, வரிசையில் அடுத்த சீட்டை வாங்கிப் படித்தால் அப்பாவின் பெயர். இடது கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டபடி எதிரே நிற்கிறார். சீட்டில் 'வரப்பில் வழுக்கி விழுந்தது' என்று எழுதியிருந்தது. என்னோடு படிக்கிற இருவர் பக்கத்தில் நின்றார்கள். அப்பா என்னை ஒருமுறை பார்த்தார்.

"கைய எங்கங்க வைக்கணும்?"

என்னைப் பெற்றவர் என்னிடம் கேட்கிறார், 'எங்கங்க' என்று. நான் என்ன செய்தேன் தெரியுமா? "இப்படி வைங்க. ஆடாதீங்க" என்றேன். அவ்வளவுதான்.

பிலிமை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனேன். அதற்கு முந்தைய வாரம்தான் எலும்பு டாக்டர் எங்களுக்கு வகுப்பெடுத்திருந்தார். முன்கையில் இரண்டு எலும்பு. விழுகிறவன் உள்ளங்கையை ஊன்றுவான்; பெரும்பாலும் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் முறியும். தடியடியைத் தடுக்கக் கையைத் தூக்குகிறவனுக்குச் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நட்டநடுவில் முறியும். இதைத் தம் கையையே தலைக்கு மேல் தூக்கி நடித்துக் காட்டினார். தொட்டியிலிருந்து பிலிமைத் தூக்கிச் சிவப்பு விளக்கில் பிடித்தேன். சுண்டுவிரல் பக்கம், நட்டநடு. அழுதேன். ஹைப்போ நெடியில் கண் கலங்குவது அங்கே எல்லாருக்கும் சகஜம் என்பதால் வெளியே வந்தபோது யாரும் கேட்கவில்லை.

அந்த டாக்டரே ஈரப் பிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டினார். "விழுந்ததுன்னு போட்டிருக்கு. நீ சொல்லுப்பா, இது விழுந்த கையா?" என்று என்னைக் கேட்டார். பெஞ்சில் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விழுந்ததாத்தான் இருக்கும் சார்."

"ஏன்யா, போன வாரம் கிளாஸ்ல தூங்குனியா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டர் அப்பாவிடம் திரும்பி, "பெரியவரே, உண்மைய சொல்லுங்க" என்றார். "விழுந்துட்டேங்க" என்றார் அப்பா. சீட்டு அப்படியே இருந்தது.

மாவுக்கட்டுப் போட்ட பிறகு, வராந்தாவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அருகில் வந்தார். "தம்பி, நீ படிச்சு முடிக்கிறவரைக்கும் நான் விழுந்தவனாவே இருந்துட்டுப் போறேன். அப்புறம் சொல்லிக்கலாம்." என் வெள்ளைக் கோட்டின் காலரைச் சரிசெய்துவிட்டுப் பஸ் ஏறப் போனார்.

அப்பாவோடு சேர்த்து எங்கள் தெருவில் மிராசுதாரின் ஆட்களிடம் அடிபட்டவர்கள் ஐந்து பேர். நாலு பேர் போலீசில் புகார் கொடுத்தார்கள். ஐந்தாவது ஆள் விழுந்தேன் என்று சொல்லிவிட்டதால், அடிதடியே நடக்கவில்லை என்று மிராசுதார் தரப்பில் வாதாடினார்கள். கேஸ் நிற்கவில்லை. அதன்பிறகு அப்பாவின் பீடிக்கு நெருப்புக் கொடுக்கக்கூடத் தெருவில் ஆள் இல்லை. அவர் பக்கத்திலும் இடம் காலியாக இருந்தது. அங்கே ஒளிந்துகொள்ள இருட்டறையும் கிடையாது.

வேலை கிடைத்ததும் ஊருக்குப் போய், "இப்பச் சொல்லலாமேப்பா" என்றேன். "யார்கிட்ட?" என்றார். அவர் செத்த பிறகு அந்தப் பிலிமைத் தேடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழைய பிலிம்களை, அதிலிருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுக்கிறவர்களிடம் மூட்டை மூட்டையாகப் போட்டுவிட்டோம் என்றார்கள். இருட்டறையில் உடைந்த நாற்காலிகள் கிடந்தன. அந்த நாலு பேரில் இப்போது ஒருவரும் இல்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, என்னை அடையாளம் தெரியாத பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிவைக்கிறார்கள்: "அந்தக் காலத்துல வரப்புல வழுக்கி விழுந்தாருல்ல, அவரு மவன்."

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வருகிறேன்.