அரை கிலோவுக்கு மேல் தராதவர்

கப்பல் வந்த மறுநாள் காலையில் போர்ட் பிளேயர் டெலானிபூர் ஏற்றத்தில் சுலைமான் பாயின் அரிசி, காய்க் கடை பூட்டியிருந்தால் நாங்கள் யாரும் கலங்க மாட்டோம். துறைமுக ஜெட்டியில் மூட்டை எடுக்கப் போயிருப்பார், வந்துவிடுவார். அன்றும் அப்படி நினைத்துக்கொண்டுதான் பையோடு நின்றேன். பக்கத்து டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "யாருக்காக நிக்கிறீங்க? பாய் விடியக்காலம் மௌத்தாயிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு." கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. 'அப்போ இன்றைக்குக் காய்க்கு எங்கே போவது?' என்றுதான் முதலில் தோன்றியது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் பாயோடு பழகியவர்கள் நீங்கள், உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

பாயின் நினைவாக, அவரைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னார்கள் நம் தெருக்காரர்கள். உட்கார்ந்து யோசித்தால், அவர் எனக்குத் தர மாட்டேன் என்று சொன்னவைதான் வரிசையாக நினைவுக்கு வருகின்றன.

நாங்கள் தெற்கே, கப்பலில் போக வேண்டிய கட்சால் தீவிலிருந்து வந்தவர்கள். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கட்சாலில் ரப்பர் பால் வெட்டிப் பிழைத்த குடும்பம். எங்கள் மகள் தேனுவுக்கு ஆறு வயதில் ரத்தம் குறைந்துபோனது. நாலு படி ஏறினால் ஐந்தாவதில் உட்கார்ந்துவிடுவாள். போர்ட் பிளேயர் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "தினமும் கீரை, காய், எல்லாம் ஃப்ரெஷ்ஷா குடுங்க. மூணு மாசம் பார்ப்போம். ஏறலன்னா மெயின்லேண்டுக்குத்தான் கொண்டுபோகணும்" என்றார். மெயின்லேண்டில் எங்களுக்கு ஆளும் இல்லை, போய்த் தங்க வசதியும் இல்லை. என் வீட்டுக்காரர் இங்கேயே லாரி ஓட்டும் வேலை தேடிக்கொண்டார். டெலானிபூர் சரிவில் ஒற்றை அறை வாடகைக்குக் கிடைத்தது. கட்சாலில் வீட்டுக்குப் பின்னால் போனால் முருங்கை நிற்கும். இங்கே பின்னால் போனால் அடுத்த வீட்டுச் சுவர்.

கட்சால்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கப்பல் வந்துவிட்டால் கையில் இருப்பதையெல்லாம் போட்டு, கிடைத்ததையெல்லாம் அள்ளிக்கொள்வோம். அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்குத் தெரியும்? சுனாமிக்குப் பிறகு நாங்கள் பட்ட பாட்டில் அந்தப் பழக்கம் எலும்பிலேயே ஏறிவிட்டது. போர்ட் பிளேயருக்கு வந்த பிறகும் எனக்கு அதே புத்திதான். கப்பல் வந்தது என்று காதில் விழுந்தால் ஓடுவேன். தக்காளி, கத்திரிக்காய், பீன்ஸ் என்று பத்து நாளுக்குச் சேர்த்து வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் பரப்பி வைப்பேன். ஃப்ரிட்ஜ் கிடையாது. இந்தப் புழுக்கத்தில் நாலாம் நாள் பாதி அழுகிவிடும். அதைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, மறுபடி வாங்கக் கையில் ஒன்றுமில்லாமல், ரத்தம் ஏற வேண்டிய பிள்ளைக்கு ரசத்தையும் அப்பளத்தையும் போடுவேன். வாங்க வாங்க ஏன் பற்றவில்லை என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

அப்படி ஒரு நாள் பாய் கடையில் இரண்டு கிலோ தக்காளி கேட்டேன். கூடை நிறைய இருந்தது. அவர் அரை கிலோ நிறுத்து நீட்டினார்.

"ரெண்டு கிலோ கேட்டேன்."

"அரை கிலோ போதும் தங்கச்சி."

"கூடையில அவ்வளவு கெடக்கே! ஆபீசர் வீட்டுக்கு எடுத்து வச்சிருக்கீங்களா? எங்க காசு செல்லாதா?"

"நல்லாச் செல்லும். காசு கெடாது. தக்காளிதான் கெட்டுரும்."

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "உங்க தக்காளிய நீங்களே வச்சுக்கங்க" என்று பையை உதறிக்கொண்டு இறங்கிவிட்டேன். அதன்பின் இரண்டு வாரம் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அபர்டீன் பஜார் வரைக்கும் போய்ச் சுமந்து வந்தேன். அங்கே யாரும் மறுக்கவில்லை, கேட்டதைக் கேட்டபடி கொடுத்தார்கள். அதுவும் கட்டிலுக்கு அடியில் அழுகியது.

முதல் மாதச் சோதனையில் தேனுவின் ரத்தம் இருந்த இடத்திலேயே இருந்தது. வீட்டுக்காரர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ஒன் ரோசத்த ஊட்டுனா புள்ளைக்கு ரத்தம் ஊறுமா? பேசாம அந்தப் பாய்கிட்டயே போ" என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போனேன். பாய் சண்டையைப் பற்றி மூச்சு விடவில்லை. "வா" என்று சொல்லி என்னைச் சாலையின் எதிர்ப்பக்கம் கூட்டிப்போனார். அங்கே ஒரு பெங்காலி அம்மாள் சாக்கு விரித்து, மங்லூட்டான் பக்கத்துத் தோட்டத்துக் கீரைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். முருங்கைக்கீரை, வள்ளைக்கீரை, பூசணிக் கொழுந்து. தினமும் நான் தாண்டிப் போன சாக்குதான் அது. ஊரில் சும்மா பறித்ததைக் காசு கொடுத்து வாங்குவதா என்ற வீம்பு எனக்கு. டவுனில் இருப்பவர்கள் கப்பலில் வருவதைத்தான் சாப்பிடுவார்கள் என்றும் ஒரு நினைப்பு.

"கப்பல்ல வர்ற காய்க்கு வாரக் கணக்குல வயசு தங்கச்சி. இது இன்னைக்கு மொத பஸ்ஸுல வந்தது" என்றார். பிறகு அந்த அம்மாளிடம், "திதி, யே மேரி பெஹன் ஹை. இஸ்கே லியே ரோஜ் சப்ஜி ரக்னா" என்று, அவளை அக்கா என்று அழைத்து, என்னைத் தன் தங்கை என்று சொல்லி, தினமும் எனக்கு எடுத்து வைக்கச் சொன்னார். திதி என்னை ஏற இறங்கப் பார்த்து, "டீக் ஹை, சாச்சா" என்று தலையாட்டினாள். நேற்று வரை முறைத்துக்கொண்டு திரிந்தவளை எப்படித் தங்கை என்றார் என்று நான் விழித்தேன்.

அவர் கடையிலும் காய் இருக்கும்போது என்னை எதற்கு எதிர்ப்பக்கம் அனுப்ப வேண்டும்? கேட்டுப் பார்த்தேன். ஒரு நாள், "அந்தத் திதி என்கிட்டதானே அரிசி வாங்குறா, சரியாப் போச்சு" என்றார். இன்னொரு நாள், "என் கடைக் காய் ஒன் வீட்டுல அழுகுனா எனக்குல்ல கெட்ட பேரு?" என்றார். மூன்றாவது முறை கேட்டபோது, "எனக்கே தெரியல, விடு" என்று தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். இதில் எதை நம்புவது? வியாபாரி என்றால் விற்க வேண்டாமா?

மூன்றாம் மாதம் ரத்தம் ஏறியது. தேனு ஆஸ்பத்திரிப் படியில் எனக்கு முன்னால் ஓடினாள். காகிதத்தை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குத்தான் போனேன். "பாய், தேனுவுக்கு ரத்தம் ஏறிருச்சு!"

அவர் நிமிர்ந்து பார்த்து, "யாரு தேனு?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது, மகளைப் பற்றி அவரிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் பிள்ளைக்காகத்தான் இத்தனையும் செய்கிறார் என்று நானாக நினைத்து மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். முழுக் கதையையும் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு ஒரு சுரைக்காயை எடுத்து, "புள்ளைக்குக் கூட்டு வச்சுக் குடு. காசு வேணாம்" என்று சொல்லி, அதையும் பாதியாக வெட்டிப் பாதியைத்தான் கொடுத்தார்.

பாயின் மையத்து வீட்டில், துக்கத்துக்கு வந்த பெண்கள் உட்கார்ந்திருந்த அறையில்தான் எனக்கு இன்னும் குழம்பிப்போனது. ஒரு தெலுங்கு அம்மாள் அழுதுகொண்டே, "முஜே பீ ஆதா கிலோ! கபி ஜாதா நஹீ தியா" என்றாள். தனக்கும் அரை கிலோதானாம், ஒருநாளும் கூடக் கொடுத்ததில்லையாம். நான் பொறாமைப்பட்ட ஆபீசர் மனைவியும், "எனக்கும் அப்படித்தான். நாங்க வாடகை வீட்டுக்காரங்கன்னு எளக்காரமோன்னு நெனச்சேன்" என்றார். எங்களில் பாதிப் பேர் அவரோடு சண்டை போட்டவர்கள். காரணம் மட்டும் ஆளுக்கொன்றாகச் சொன்னோம். சிறு வயதில் தீவு ஊரான ஹட் பேயில் கப்பல் வராமல் பட்டினி கிடந்தவர், எல்லாருக்கும் பங்கு கிடைக்கட்டும் என்று நினைத்திருப்பார் என்றார் ஒருவர். தினமும் கடைக்கு வர வைக்கும் வியாபாரத் தந்திரம் என்றார் இன்னொருவர். இரண்டுமே இருக்கலாம். ஒருத்தி சிரித்தாள், எல்லோரும் சிரித்தோம்.

பத்து நாள் கழித்து, ராமநாதபுரத்திலிருந்து வந்த அவருடைய தம்பி கடையைத் திறந்தார். அடுத்த கப்பல் ஒரு வாரம் தள்ளித்தான் என்று பேச்சு. அதைக் கேட்டதும் என் கட்சால் வாய் தானாக, "தக்காளி ரெண்டு கிலோ" என்றது. அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டு கிலோ நிறுத்துப் பையில் போட்டார். நான் நகரவில்லை. யாராவது வேண்டாம் என்று சொல்வார்கள் என்று நின்றேன். யாரும் சொல்லவில்லை. பாய் செத்துப்போனது எனக்கு அப்போதுதான் புரிந்தது. கடை நடுவில் நின்று அழுதேன்.

பிறகு பையில் அரை கிலோ மட்டும் மிஞ்சும்வரை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் திருப்பிப் போட்டேன். அந்த மனிதர் பதறிப்போய், "ஏம்மா, நல்ல தக்காளிதானே? கப்பல் வேற லேட்டாகுமாம்" என்றார். ஏன் என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. பாயிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்த அரை கிலோதான். அதை அவர் தம்பிக்கு எப்படி விளக்குவது?

"இன்னைக்கு இது போதும்ணே" என்றேன். "நாளைக்கு வர்றேன்."