கிரீனிச் மேட்டில் ரோமர் கோயில்

1992 ஜூன், ஞாயிறு காலை ஒன்பதரை. ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷன் வாசலில் அத்தான் நின்ற கோலத்தைக் கண்டு எனக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. தலை முழுகி, நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளைச் சேர்ட், பைக்குள் ஐம்பது பென்ஸ் தேங்காய்.

"ரோமர் கட்டி இடிஞ்சுபோன கோயில் எண்டெல்லோ சொன்னனான்! அங்கை பூசை ஒண்டும் இல்லை, அத்தான்."

"கோயில் எண்டால் கோயில்தான். வெறுங்கையோடை போறதே?"

அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருசம் லொறி ஓட்டியவர். லண்டன் டிரைவிங் டெஸ்டில் இரண்டு தரம் பெயில். மூன்றாவது டெஸ்ட் நாளைக் காலை. பாஸானால் பேக்கரி வான் ஓட்டும் வேலை; விட்டால் அது வேறு ஆளுக்கு. வீட்டில் இருந்தால் பதறுவார் என்று நான்தான் இழுத்துவந்தேன்.

டவர் ஹில்லில் இறங்கி, டிரைவர் இல்லாத குட்டி ரயிலில் ஐலண்ட் கார்டன்ஸ்.

"இதுக்கு ஆரடா டெஸ்ட் வைச்சு பாஸ் போட்டது?" முன் சீட்டில் இருந்து அத்தான் பொருமினார்.

பிறகு தேம்ஸுக்கு அடியால் சுரங்கத்தில் கிட்டத்தட்ட நானூறு மீற்றர் நடை, அதற்குக் காசு வாங்குவதில்லை. பதினொன்றரைக்குக் கிரீனிச் பூங்கா மேட்டில் மூச்சிரைக்க நின்றோம்.

இரும்பு வேலி, புல் மேடு, நடுவில் ஒரு பாய் அகலத்துக்குச் சிவப்பு ஓட்டுத் துண்டுகள் பதித்த தரை. அவ்வளவுதான். எனக்குத் துள்ள வேண்டும் போலிருந்தது. ஆயிரத்து அறுநூறு வருசத்துக்கு முந்தி மனிசர் கும்பிட்டு நின்ற தரை!

"இதுக்கோடா இரண்டு ரயில்?" என்றபடியே அத்தான் சப்பாத்தைக் கழற்றினார். "எந்தச் சாமி?"

"தெரியாதாம். சிலையிலை ஒரு கைதான் கிடைச்சதாம்."

அத்தானின் முகம் மலர்ந்தது. "அப்ப இவ்வளவு காலமும் இவரிட்டை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. எங்கடை பிள்ளையாருக்கு முன்னாலை எவ்வளவு கியூ! இவர் சும்மாதானே இருக்கிறார்."

வெறுங்காலோடு வேலியை மூன்று தரம் சுற்றினார். தேங்காயை அந்தத் தரைக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம் என்று கெஞ்சி, பாதையோரக் கல்லில் உடைக்கவைத்தேன். நாயோடு வந்த வெள்ளைக்காரக் கிழவி என்ன விசேஷம் என்று கேட்டார். சொன்னேன்.

"நான் நாலு தரம் பெயில்," என்று சிரித்தார், தேங்காய்ச் சொட்டைக் கடித்தபடி. "ஒருவரும் இந்த இடத்தை எனக்குச் சொல்லவில்லையே!"

திங்கள் மத்தியானம் போன் வந்தது. "பாஸடா!"

இப்போது ஈஸ்ட் ஹாமில் டெஸ்ட் தேதி கிடைத்தவர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். ரோமர் வரலாற்றைத் தொடங்கினால், "அதை விடும் தம்பி, எந்த ஸ்டேஷனிலை இறங்கிறது?" என்கிறார்கள். ஒரு தாளில் வழியைக் கீறிக் கொடுக்கிறேன். எதற்காகவென்றாலும், அந்தத் தரையை நாலு பேர் போய்ப் பார்க்கிறார்கள். எனக்கு அது போதும்.