நாகஸ்வரத்துக்குள் வந்தவர்கள்

ஞானாம்பிகைக்குப் பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடு, வீட்டில் தம்பி பரமநாதன். அவனுக்காகத்தான் அவள் கல்யாணமே வேண்டாமென்றாள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். அவள் வாயால் அப்படிச் சொன்னதே இல்லை.

பரமநாதன் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். ஒருநாள் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தான். ஆபீசில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். பிறகு ஆளில்லாத அறையிலும் பேச்சு கேட்கத் தொடங்கியது. டாக்டர் தந்த மாத்திரையில் தூங்குவான். விழித்தால் மறுபடி அதே குரல்கள். வாசலைத் தாண்டுவதையே விட்டுவிட்டான்.

எண்பத்தாறாம் வருஷம், ரோப் வாக் தெருவில் பழைய சாமான் விற்கும் சீனி முகம்மதுவிடம் அவள் ஒரு வாக்மேன் வாங்கினாள். மூடியெல்லாம் கீறல்.

"பாட்டு நல்லா கேக்கும்லா, அக்கா. காதுல வைக்கிற பஞ்சுதான் ஒரு பக்கம் போயிருச்சு," என்றார் அவர்.

பாட்டில் சொற்கள் இருந்தால் அவனுக்கு வேறு ஏதாவது அர்த்தம் தோன்றிவிடுமோ என்ற பயத்தில், நாகஸ்வர கேசட்டாகப் பார்த்து எடுத்தாள். பஞ்சு போன பக்கத்துக்குக் கைக்குட்டைத் துணியை வைத்துத் தைத்தாள்.

அதைக் காதில் மாட்டிவிட்டதும் பரமநாதன் கண்ணை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, அவங்க சத்தம் கேக்கல!" என்று கத்தினான். காதில் மேளம் முழங்கியதால் தான் கத்துவது அவனுக்குத் தெரியவில்லை. அடுத்த வீட்டு ஜெயலெட்சுமி என்னவோ ஏதோவென்று ஓடி வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவனால் வெளியே வர முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் தம்பியும் பஸ் ஏறி எஸ்பிளனேடு கடற்கரைக்குப் போனார்கள். பெல்ட்டில் வாக்மேனைச் செருகிக்கொண்டு அவன் பசெம்போர் என்ற காய்கறி, வடைக் கலவையைச் சாப்பிடுவதைப் பார்த்தபடி, தன் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருப்பாள் ஞானாம்பிகை. பேட்டரி தீர்ந்து பாட்டு இழுக்க ஆரம்பித்தால் அவன் முகம் மாறும். அதனால் அவள் கைப்பையில் மாற்று பேட்டரி எப்போதும் இருக்கும்.

அப்படித்தான் ஒரு ஞாயிறு, திரும்பும் பஸ்ஸில், அவன் காதில் மாட்டியிருந்ததை மெதுவாகக் கழற்றி அவள் காதில் வைத்தான்.

"கேளுங்க அக்கா. இதுக்குள்ளயும் வந்துட்டாங்க."

அவள் கேட்டாள். நாகஸ்வரம் மட்டும்தான்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே தம்பி."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்கதானே இத வாங்கிட்டு வந்தீங்க," என்றான்.

அன்றிலிருந்து அவள் சமைத்ததை அவன் தொடவில்லை. தண்ணீர்கூட அவள் கையால் வாங்கவில்லை. உடம்பு ஒடுங்கி, எழுந்து நிற்க முடியாத நிலை வந்தபோது, பேராக்கில் ஒரு மனநல ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. கையெழுத்துப் போட்டது அவள்தான்.

மாதா மாதம் ஃபெரியில் கடலைக் கடந்து, அக்கரையில் பட்டர்வொர்த்தில் பஸ் பிடித்துப் போனாள். பல மாதம் அவன் முகம் கொடுக்கவில்லை. ஒருமுறை அவனாகவே பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"இனி வராதீங்க அக்கா. வந்தா உங்களையும் பிடிச்சுக்குவாங்க."

தன்மேல் அவனுக்கு வெறுப்பில்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பஸ்ஸில் வழி நெடுக அழுதுகொண்டே வந்தாள்.

அடுத்த மாதமும் போனாள். ஆனால் அவன் கண்ணில் படாமல் வராந்தா மூலையில் நின்று, நர்ஸ் ரொஸ்னாவிடம், தான் சமைத்துக் கொண்டுவந்த சோற்றைக் கொடுத்தனுப்பினாள். யார் கொண்டுவந்தது என்று சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தாள். பரமநாதன் பிசைந்து, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான்.